எழுப்பிக் கேட்ட நலம்

உப்பாற்றுக்கடை மதகின் எந்திரம் ஒரு நாளைக்கு நான்கு முறைதான் கண்விழிக்க வேண்டும். கடல் ஏறும்போது இரண்டு முறை, இறங்கும்போது இரண்டு முறை. ஏறுகையில் மதகை மூடிவிட்டு உறங்கும். இறங்குகையில் திறந்துவிட்டு உறங்கும். கூரைமேல் கிடக்கும் இரண்டு சூரியத் தகடுகளை நம்பிப் பிழைக்கும் எந்திரத்துக்கு அதற்குமேல் விழித்திருக்க வசதியில்லை. ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டால் மின்கலத்தில் சேர்வது அரைவயிற்றுக் கஞ்சிதான். ஆகவே அதன் வன்வட்டு, வேலை முடிந்ததும் சுழற்சியை நிறுத்தி, தன்னைப் படிக்கும் முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த ஓதம் வரும்வரை அயர்ந்து கிடக்கும்.

கடல் முன்பு இருந்த இடத்தில் இல்லாத காலம் அது. கரையைத் தின்றுகொண்டே முன்னேறி வந்து, கடைமடை வயல்களின் வாசலில் குந்திக்கொண்டது. ஓதம் ஏறும் வேளையில் மதகு மூடியிராவிட்டால் உப்புநீர் வயலுக்குள் புகும். ஒருமுறை புகுந்தால் மூன்று ஆண்டுக்கு வெள்ளாமை இல்லை. இறங்கும் வேளையில் திறந்திராவிட்டால் ஆற்று வெள்ளம் வடியாமல் பயிர் அழுகும். இரண்டுக்கும் நடுவில் ஊரைக் காத்து நின்றது ஒரு பழைய கணினி. மூடிப்போன அச்சகம் ஒன்றில் கிடந்ததைப் பாசனச் சங்கத்தார் கொண்டுவந்து, யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவைக்கப்பட்ட கட்டற்ற இயங்குதளம் ஒன்றை அதில் ஏற்றி, மதகின் பற்சக்கரத்தோடு பிணைத்திருந்தார்கள். புதுவகை நினைவகங்கள் கப்பலேறி வருவது நின்றுபோய், ஊரெங்கும் மறுபடி சுழல்வட்டுகளைத் தேடித் துடைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த எந்திரத்தைப் பேணியவள் தையல்நாயகி. சென்னையில் தரவுக் கிடங்கு ஒன்றில், ஆயிரக்கணக்கான வன்வட்டுகள் இரையும் குளிர்க்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். மணமாகி இவ்வூருக்கு வந்தவள். எந்த வட்டு எப்போது முனகும், எது வாய்திறவாமல் சாகும் என்பதெல்லாம் அவளுக்குப் பழக்கம். முறை தவறிய எதையும் பொறுக்க மாட்டாள். சங்கக் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர், தலைவரே ஆனாலும், காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

வன்வட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. தன் நலத்தைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும்: எவ்வளவு சூடானோம், உடம்பில் எங்கே பழுது, எத்தனை முறை நின்று எழுந்தோம் என்று. கேட்டால் சொல்லும். கேட்பதற்கென்றே கட்டற்ற இயங்குதளங்களில் ஒரு சிறு நிரல் உண்டு. கடைமடை மதகு வாரியம் அந்த நிரலை எடுத்து, தன் தேவைக்கேற்ப வெட்டி ஒட்டி, மாவட்டத்தின் எல்லா மதகு எந்திரங்களையும் தூரத்திலிருந்தே நாடி பார்க்க ஏற்பாடு செய்திருந்தது. பார்த்த நாடிக்கு ஒரு மதிப்பெண். மதிப்பெண் முப்பதைத் தொட்டால், அந்த எந்திரம் சாகப்போவதாகக் கொள்ளப்படும். அதன் மதகு, அருகிலுள்ள நலமான எந்திரத்திடம் தானாகவே ஒப்படைக்கப்படும். ஒப்படைப்பை நடத்துவதும் நிரலே. மனிதர் யாரும் கையொப்பமிட வேண்டியதில்லை; ஆகவே யாரிடமும் முறையிடவும் முடியாது.

வாரியத்தின் வரைபடத்தில் கடைமடை எந்திரம் ஒவ்வொன்றுக்கும் அருகில் நலமான எந்திரம் என்றால் அது மாவட்ட எந்திரம்தான். மாவட்ட எந்திரத்தின் முதற்கடமையோ நகரத்தின் தெருக்களில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்வது. சென்ற ஆண்டு செம்பியன்துறை மதகு அதனிடம் போயிற்று. கார்த்திகை மழையில் நகரத்தை வடிக்கவேண்டி, கடல் ஏறிய வேளையிலும் அந்த மதகை அது திறந்தே வைத்திருந்தது. நகரம் அரைநாள் முன்னதாக உலர்ந்தது. செம்பியன்துறை வயல்கள் உப்புப் பூத்தன. தையல்நாயகி பிறந்த ஊர் அது. அவளுடைய அண்ணன் இப்போது திருப்பூரில் பனியன் மடிக்கிறான்.

அவ்வூரையும் சேர்த்துக் கடற்கரையோரம் பத்து மதகுகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போய்விட்டன. மிஞ்சியது உப்பாற்றுக்கடை மட்டும். அதன் மதிப்பெண்ணும் ஆடியில் எழுபதாக இருந்தது ஐப்பசியில் நாற்பதாகி, கார்த்திகையில் முப்பத்தொன்றுக்கு வந்து நின்றது.

தையல்நாயகிக்கு இது விளங்கவே இல்லை. வட்டின் குறிப்பைத் தானே கேட்டுப் பார்த்தாள். உடம்பில் பழுது ஓரிடத்திலும் இல்லை. சூடு அளவோடு இருந்தது. ஒன்று மட்டும் ஒவ்வாமல் நின்றது: நின்று எழுந்த கணக்கு. பத்தாண்டு விழிக்க வேண்டிய அளவுக்கு வட்டு நான்கே மாதத்தில் விழித்திருந்தது. ஒவ்வொரு விழிப்பிலும் முள் ஏறி இறங்கும். ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் சிறிது தேயும். தேய்மானத்தைக் கணக்கிட்டுத்தான் மதிப்பெண் சரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் பிற்பகல், கடல் அடங்கிக் கிடந்த வேளையில், சங்கத் தலைவர் பக்கிரிசாமியை மதகுக் கொட்டடிக்கு வரவழைத்தாள். அவர் அவளுக்குக் கணவன் வழியில் மாமா. ஏழு மா நிலமும் எழுபது வகைத் தயக்கமும் உடையவர்.

“ஒண்ணும் பேசாதீங்க மாமா. சும்மா உக்காந்து கேளுங்க,” என்றாள்.

கொட்டடியில் மழை ஒழுகும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. பக்கிரிசாமி வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டார். போட்டு மெல்லத் தொடங்குவதற்குள், பெட்டிக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு வண்டு பறப்பது போன்ற இரைச்சல். சற்று இரைந்துவிட்டு அடங்கியது. வெற்றிலை சிவப்பதற்குள் மறுபடி ‘டக்’.

“இப்ப எதுக்கு முழிக்குது? ஓதம் ஏற இன்னும் நேரம் கெடக்கே.”

“அதுவா முழிக்கல. எழுப்புறாங்க.”

“யாரு?”

“வாரியம். ‘நல்லாருக்கியா, நல்லா தூங்குனியா’ன்னு கேக்குறதுக்கு எழுப்புது. இதுவும் பதில் சொல்லிட்டுப் படுக்குது. கண்ணசர்றதுக்குள்ள திரும்ப எழுப்புது.”

பக்கிரிசாமி மெல்லுவதை நிறுத்தினார். “எங்க மாமியாரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இப்படித்தான் ஆயி. தூக்க மாத்திரை குடுக்கணும்னு தூங்குற பொம்பளைய எழுப்புவாளுவ.”

“அந்தக் கதைதான். மாவட்ட எந்திரம் கரண்டுல ஓடுது, ராப்பகலா முழிச்சிருக்கு. அத எத்தன வாட்டி கேட்டாலும் ஒண்ணும் ஆவாது. தூங்கிப் பொழைக்கிறது நம்ம மாதிரி கடைமடை எந்திரம்தான். கேட்டுக் கேட்டே நம்மளத் தேய்ச்சுட்டு, ‘தேஞ்சுபோச்சு, குடு’ங்கறாங்க.”

அவர் பெட்டியின் மேல் கைவைத்துப் பார்த்தார். பத்து ஊர் மதகும் இப்படித்தான் போயிற்றா என்று கேட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள். வாரியத்துக்கு எழுதிப் போடலாமே என்றார். எழுதிப் பதில் வரும்வரை தாங்காது, இன்னும் ஒரே எண்தான் மிச்சமிருக்கிறது என்றாள். அரசாங்கத்தோடு மோதி யார் வென்றார்கள் என்று அவர் தொடங்கியபோது, அவள் எழுந்து போய், தொடர்புக் கம்பியைப் பெட்டியிலிருந்து உருவி அவர் மடியில் வைத்தாள்.

எந்திரம் நெடுநாளைக்குப் பிறகு ஓதம் வரும்வரை உறங்கியது.

பதில் தராத எந்திரமும் பழுதானதே என்பது வாரியத்தின் இன்னொரு விதி. அதற்கு ஒரு நாள் தவணை. தவணை முடியுமுன்பே, மறுநாள் நண்பகலில், ஆய்வாளர் சகாயராஜ் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். கையில் கைக்கணினியும், தோளில் அரக்கும் முத்திரையும் வைத்த பையும் இருந்தன. வாரியத்தில் அவருக்கு நல்ல பெயர். யாரிடமும் ஒரு குவளை மோர்கூட வாங்கிக் குடிக்காதவர். விதி எதுவோ அதற்கு இம்மியும் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் மன்றாடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. கம்பியை மீண்டும் செருகச் செய்து, மதிப்பெண்ணைப் பார்த்து, முப்பத்தொன்று என்று குறித்துக்கொண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். முப்பதைத் தொடும்வரை இருந்து கைப்பற்றிக்கொண்டு வரும்படி அவருக்கு ஆணை. சாகக் கிடப்பவர் வீட்டுக்குப் பாடையோடு வந்து காத்திருப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் அவர் அதைக் கூச்சத்தோடு செய்தார், அவ்வளவுதான்.

அன்று பௌர்ணமி. வங்கக் கடலில் ஒரு தாழ்வு வேறு. பொழுது சாயும் வேளையில் பேரோதம் வரும். வாடைக்காற்று அதைத் தள்ளிக்கொண்டு வரும். வயலில் சம்பா கதிர்பிடிக்கும் பருவம். பெட்டிக்குள் ‘டக்’ என்று கேட்கும்போதெல்லாம் பக்கிரிசாமி மதிப்பெண்ணை எட்டிப் பார்த்தார்.

தையல்நாயகி ஆய்வாளருக்கு எதிரே நின்றாள். நிரலின் மூல வரிகளைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் தயங்கினார். கட்டற்ற நிரலை எடுத்துத் திருத்தி ஊருக்குள் ஓடவிட்டால், திருத்திய மூலத்தைக் கேட்டவருக்குக் காட்டியாக வேண்டும் என்பது அதன் உரிமத்தில் உள்ள விதி என்று நினைவூட்டினாள். விதி என்ற சொல்லுக்கு அவர் மறுப்புச் சொன்னதில்லை. கைக்கணினியை நீட்டினார்.

அவள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி அவர் பக்கம் திருப்பினாள். முதலில் எழுதியவர்கள், எங்கோ, எந்த நாட்டிலோ இருந்தவர்கள், தெளிவாக ஒரு வரி வைத்திருந்தார்கள்: வட்டு உறங்கினால் எழுப்பாதே, அடுத்த முறை கேள். வாரியம் அந்த வரியை நீக்கியிருந்தது. நீக்கிய இடத்தில் காரணமும் குறித்திருந்தது, நிரலர்களின் வழக்கப்படி. ‘உறங்கும் வட்டுகளுக்குத் திரையில் வெற்றுக் கட்டம் தோன்றுகிறது. ஆய்வுக் கூட்டத்தில் வெற்றுக் கட்டங்கள் இருக்கக் கூடாது என்பது மேலிட உத்தரவு.’

“பாத்தீங்களா சார். திரை அழகா இருக்கணும்னு பத்து ஊரு கழனி உப்பாப் போயிருக்கு.”

சகாயராஜ் அந்த வரியை இரண்டு முறை படித்தார். முகம் மாறவில்லை, கழுத்துப் பித்தானை மட்டும் அவிழ்த்துக்கொண்டார். பிறகு வாரியத்தின் செயற்பொறியாளர் பத்மாசனியைக் கொட்டடித் தொலைபேசியில் அழைத்து, எல்லாரும் கேட்கும்படி வைத்துப் பேசினார். உள்ளதை உள்ளபடி சொன்னார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுமுனையில் இருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகவே பதிலும் சொன்னார். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் வைப்போம். இப்போது நடப்பது இப்போதுள்ள விதிப்படியே நடக்கட்டும். தேய்ந்தது எப்படித் தேய்ந்தால் என்ன, தேய்ந்தது தேய்ந்ததுதானே.

பெட்டிக்குள் ‘டக்’.

“சார், ஒரு கேள்வி,” என்றாள் தையல்நாயகி. “மாவட்டத்துல மதகு ஓட்டுற ஒவ்வொரு எந்திரத்தையும் சோதிக்கணும். அதுதான விதி?”

“ஆமா மேடம்.”

“மாவட்ட எந்திரத்தோட மார்க்கு எவ்வளவு?”

சகாயராஜ் பட்டியலைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். மாவட்ட எந்திரம் அதில் இல்லை. கேட்கும் எந்திரமே அதுதான். தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும்படி யாரும் அதற்குச் சொல்லவில்லை.

ஆய்வாளர் வந்த பிறகு பக்கிரிசாமி முதல்முறையாக வாய்திறந்தார். “ஊருக்கெல்லாம் நாடி பாக்குற வைத்தியருக்கு நாடி பாத்தது யாருமில்லியா தம்பி?”

அது ஆய்வாளருக்குச் சுருக்கென்று தைத்தது. வாரியத்தை யாரேனும் ஏசினால் அவர் பொறுத்துக்கொள்வார். வாரியம் விதியை மீறுகிறது என்றால் பொறுக்க மாட்டார். “குளிர்சாதன அறையில, ராஜா மாதிரி வச்சிருக்கோம் ஐயா அத. தொண்ணூறுக்குக் கொறையாது,” என்றார். “இப்பவே சேத்துக் காட்டுறேன். அப்புறம் இந்தப் பேச்சு வேணாம். சரியா?” எந்த எந்திரத்தையும் சோதனைப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் ஆய்வாளருக்கு உண்டு. சேர்த்தார்.

மாவட்ட எந்திரம் தன்னைத் தானே கேட்டுக்கொண்டது. வாழ்நாளில் முதல்முறையாக யாரோ கேட்டார்களே என்று, உடம்பிலிருந்த நோயையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. பழுதான இடங்கள் மண்டிக் கிடந்தன. மதிப்பெண் பத்தொன்பது.

நிரல் விதியை அறியும். யார் பெரியவர் என்பதை அறியாது. முப்பதுக்குக் கீழ்ப்பட்ட எந்திரம் ஒன்று. அதன் மதகுகள் அருகிலுள்ள நலமான எந்திரத்துக்குப் போக வேண்டும். முப்பத்தொன்று பெற்று, கூரை ஒழுகும் கொட்டடியில் உட்கார்ந்திருந்தது மாவட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே நலமான எந்திரம். ஆய்வாளரின் கைக்கணினி ஒருமுறை மினுங்கியது. மாவட்டத்தின் மதகுகள் அத்தனையும், நகரத்துத் தலைமதகு முதல் செம்பியன்துறை வரை, உப்பாற்றுக்கடையின் கைக்கு வந்துவிட்டன. மதகைத் திற, மூடு என்று சொல்வதற்குப் பெரிய எந்திரம் தேவையில்லை. சொல்லும் உரிமைதான் தேவை.

சகாயராஜ் விரலைத் திரையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

“சேத்தத எடுத்துடலாமில்ல?” என்று பக்கிரிசாமி கேட்டார். அவருக்கு அச்சமும் ஆனந்தமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வந்தன.

“சேக்கத்தான் எனக்கு அதிகாரம்,” என்றார் சகாயராஜ். “எடுக்க இல்ல.”

தையல்நாயகி அதற்குள் விசைப்பலகைக்கு முன் அமர்ந்துவிட்டாள். நாடி பார்க்கும் பொறுப்பும் மதகுகளோடு சேர்ந்து வந்துவிட்டிருந்தது. நீக்கப்பட்ட வரியை, முதலில் எழுதியவர்கள் எழுதியபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் மீண்டும் சேர்த்தாள். அதற்கு அவளுக்கு அதிகாரம் இல்லை என்றார் ஆய்வாளர்.

“இப்ப இருக்கு சார்.”

தொலைபேசி ஒலித்தது. பத்மாசனியின் குரலில் பொறுமை இப்போது இல்லை. யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்றார். மாவட்ட எந்திரத்தை நிறுத்தித் திரும்ப இயக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஆள் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

தையல்நாயகி கருவியைத் தன் பக்கம் இழுத்தாள். பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு நல்லது. அது தெரிந்தேதான் பேசினாள்.

“அம்மா, அத நிறுத்தாதீங்க. பல வருஷமா நிக்காம ஓடுன டிஸ்கு அது. ஓடுற வரைக்கும் ஓடும். நின்னுச்சுன்னா திரும்ப எழுந்திரிக்காது. நான் அந்த வேலையில இருந்தவ, சொல்றேன். மொதல்ல அதுல இருக்கறத வேற ஒண்ணுல இறக்கிக்குங்க.”

“நீங்க எனக்கு வேலை சொல்லித் தர வேணாம்.”

“சரிங்க.”

அடுத்து நடந்ததை நகரத்தில் இருந்தவர்கள் பிற்பாடு சொல்லக் கேள்வி. அந்த வட்டை நிறுத்தினார்கள். அது நின்றது. இயக்கினார்கள். இருமுறை விக்கியது. பிறகு, உறங்கவே கற்றிராத அந்த வட்டு, ஒரேயடியாக உறங்கிவிட்டது.

மீண்டும் தொலைபேசி ஒலித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடல் மதகின் இரும்புக் கதவை முட்டத் தொடங்கியிருந்தது. இம்முறை பத்மாசனி சுற்றி வளைக்கவில்லை. நகரத்தின் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் ஏறுகிறது. வழக்கப்படி கடைமடை மதகுகளைத் திறந்து வைத்தால் கொஞ்சமாவது வடியும். உடனே திறக்க வேண்டும். கேட்ட குரலில் பதவி பாதி, பதற்றம் பாதி. தெருக்களில் குழந்தைகள் இருக்கிறார்கள், முதியவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

தையல்நாயகி திரையில் ஒவ்வொரு மதகாக ஓடவிட்டுப் பார்த்தாள். நகரத்துத் தெருக்களில் எவ்வளவு ஏறும் என்பதைக் கணக்குப் போட்டாள், முழங்காலைத் தாண்டாது. ஓதம் இறங்க எவ்வளவு நேரம் என்பதையும் பார்த்தாள்.

“திறக்க மாட்டேம்மா,” என்றாள். “கடல் மேல நிக்கிறப்பத் திறந்தா உங்க தண்ணி விரலளவு வடியும், எங்க ஊருக்குள்ள கடல் வரும். முழங்கால் தண்ணி விடியறதுக்குள்ள வடிஞ்சிடும். உப்பு வடியாது.”

“இது எவ்வளவு பெரிய பொறுப்புன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?”

“போன வருஷம் செம்பியன்துறைய யாரு பொறுப்புல விட்டீங்களோ, அவங்கள விட எனக்கு நல்லாத் தெரியும்.”

கருவியை வைத்தாள். கடற்கரையோரத்து மதகுகள் அத்தனையையும் மூடச் சொன்னாள். இருளும் மழையுமாய்க் கிடந்த கரையில், ஊர் ஊராக, இரும்புக் கதவுகள் இறங்கின. சகாயராஜ் முக்காலியை விட்டு எழுந்து வாசலில் போய் நின்றார். முத்திரைப் பை முக்காலியின் காலடியிலேயே கிடந்து நனைந்தது. திரும்பி வந்தபோது, தாழ்ந்த தெருக்கள் எவை எவை என்பது தமக்குத் தெரியும், மேட்டுப் பள்ளிக்கூடத்தைத் திறந்து மக்களை ஏற்றச் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றாள். அவர் தம் கைபேசியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்ப் பேசத் தொடங்கினார். விதியில் இல்லாத ஒன்றை அவர் செய்தது, தெரிந்தவரையில், அன்றுதான்.

பக்கிரிசாமிக்கு ஆனந்தம் வென்றுவிட்டது. “கையில கெடைச்சுருக்கு ஆயி. ஓதம் இறங்குனாலும் அவசரப்படாத. ஒரு ரெண்டு நாளு ஊறட்டும் அந்த டவுனு. கழனி உப்பாப் போனப்ப நம்ம அண்ணன் தம்பிக்கெல்லாம் எப்படி இருந்துருக்கும்னு தெரியட்டும்.”

“தெரிய வேண்டியவங்க மாடியில குடியிருக்காங்க மாமா. ஊறப்போறது அங்க கூலிக்குப் போன நம்ம ஆளுங்கதான்.”

பக்கிரிசாமி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார்.

ஓதம் மதகின் மேல்விளிம்புவரை வந்தது. கதவு முனகியது. கொட்டடியின் சுவருக்கு அப்பால் கடல் நின்று மூச்சுவிடுவது போலிருந்தது. பிறகு, எதையோ மறந்துவிட்டு வந்தவனைப் போலப் பின்வாங்கத் தொடங்கியது. அளவுகோலில் கடல்மட்டம் ஆற்றைவிடத் தாழ்ந்ததும் தையல்நாயகி திறக்கத் தொடங்கினாள். முதலில் கடைக்கோடி மதகுகள், அவற்றுக்கு மேலே உள்ளவை, அவற்றுக்கும் மேலே உள்ளவை; கடைசியில் நகரத்துத் தலைமதகு. வடிகால் என்பது வாலிலிருந்து தொடங்க வேண்டியது. வாலை நசுக்கிவிட்டுத் தலையைத் திறந்துகொண்டிருந்தவர்களுக்கு அது இத்தனை ஆண்டுகளாகத் தோன்றவில்லை. தண்ணீர் தடையின்றி ஓடியது. விடியுமுன் நகரத்துத் தெருக்களில் சேறுதான் மிஞ்சியது. சம்பாவின் ஒரு கதிரில்கூட உப்புப் படவில்லை.

காலையில் பத்மாசனி நேரிலேயே வந்தார். வாரியத்தின் வண்டி கரைவரை வர முடியாமல் சேற்றில் நின்றுவிட, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். இரவெல்லாம் உறங்காத கண்கள். நடந்தது நடந்துவிட்டது என்றார். நகரத்துக்குக் கேடு வராமல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றுகூடச் சொன்னார். மாவட்ட எந்திரத்தில் மாற்று வட்டு ஒன்றைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். மதகுகளைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார்.

தையல்நாயகி அவருக்கு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். பக்கிரிசாமி தேநீர் வாங்கிவர ஆள் அனுப்பினார்.

“தர்றேம்மா. மத்தவங்க மதகு எனக்கெதுக்கு. மாற்று வட்டுக்கு நலச் சான்று வரட்டும், சார் சோதிச்சுச் சொல்லட்டும், அன்னிக்கே நகரத்து மதகு உங்களுது. விதி அதுதான?”

பத்மாசனி சகாயராஜைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, விதி அதுதான் என்றார்.

“கடைமடை மதகுங்க?” என்று கேட்டார் பத்மாசனி.

“அந்தப் பத்து ஊரு பழைய எந்திரமும் உங்க கிடங்குலதான் கெடக்கு. தேஞ்ச வட்ட மட்டும் மாத்திட்டா, இனிமே யாரும் எழுப்பாததுனால எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எடுத்துக் குடுங்க. அவங்கவங்க மதகு அவங்கவங்ககிட்ட போவும். உங்களுக்கு வராது.”

“நான் சம்மதிக்கலன்னா?”

“நீங்க சம்மதிக்கணும்னு இல்லம்மா. உங்க சம்மதத்தக் கேட்டா எங்க மதக எடுத்தீங்க? நிரல்தான எடுத்துச்சு. இப்பவும் அதுதான் வச்சிருக்கு.”

தேநீர் வந்தது. பத்மாசனி பாதி குடித்துவிட்டு, குவளையைக் கீழே வைத்து, தம் கைக்கணினியை எடுத்துத் திரையைப் பார்த்தார். அன்று முற்பகல் மேலிடத்தில் ஆய்வுக் கூட்டம். பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். உப்பாற்றுக்கடையின் கட்டம் வெறுமையாக இருக்கிறதே, கூட்டத்தில் கேட்பார்கள், என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார்.

காலை ஓதமும் ஏறி இறங்கிவிட்டிருந்தது. அடுத்த ஓதத்துக்கு நேரம் இருந்தது. பெட்டிக்குள் சத்தமே இல்லை.

“தூங்குதுன்னு எழுதுங்க,” என்றாள் தையல்நாயகி.